கூட்டாகக் கற்கும் மாடலுக்குக் குவாண்டம் காப்பு: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஆறு இடங்கள். பழைய செட்டிநாட்டு வீட்டை விடுதியாக மாற்றிய இரண்டு பேர், ஒரு மருத்துவமனை, ஒரு நகைக்கடை, ஆத்தங்குடி ஓடு வெளியூருக்கு அனுப்புகிற ஒருவர், அப்புறம் உங்கள் கல்லூரி ஆய்வகம். யாரும் தங்கள் நெட்வொர்க் லாகை (போக்குவரத்துப் பதிவை) அடுத்தவரிடம் கொடுக்க மாட்டார்கள். ஆனால் ஊடுருவலைக் கண்டுபிடிக்கிற ஒரு மாடலை எல்லாரும் சேர்ந்து பயிற்றுவிக்க வேண்டும். அதாவது ஃபெடரேட்டட் லேர்னிங்: பயிற்சி அவரவர் இடத்திலேயே நடக்கும், எடைகளில், அதாவது மாடலுக்குள் இருக்கும் எண்களில் வந்த மாற்றம் (அப்டேட்) மட்டும் கல்லூரி சர்வருக்கு வரும், அங்கே சராசரி எடுத்துத் திருப்பி அனுப்புவீர்கள். இதற்கு குவாண்டம் கணினி வந்தாலும் தாங்கும் பாதுகாப்பு வேண்டும் என்று கைடு சொல்கிறார், எந்த அல்காரிதம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயரை இப்போதே சொல்லிவிடலாம். சாவிப் பரிமாற்றத்துக்கு எம்எல்-கெம்-768, அதையும் தனியாக விடாமல் எக்ஸ்25519 உடன் சேர்த்து. கையொப்பத்துக்கு எம்எல்-டிஎஸ்ஏ-65. இரண்டும் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் இறுதி செய்த தரங்கள், ஃபிப்ஸ் 203, ஃபிப்ஸ் 204. ஆனால் பெயர் தெரிந்தால் கால்வாசி வேலைதான் முடிந்தது. எந்தெந்த இடத்தில் சாவி உருவாகிறது என்று பார்க்காமல் பலர் கோட்டை விடுவது அதற்கு அப்புறம்தான்.

முதலில், எது உடையும்? பீட்டர் ஷோர் 1994-இல் காட்டிய வழிமுறை, போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி கிடைத்தால் இன்று சாவிப் பரிமாற்றத்துக்கும் கையொப்பத்துக்கும் பயன்படும் ஆர்எஸ்ஏ, டிஃபி-ஹெல்மன், எலிப்டிக் கர்வ் (எக்ஸ்25519 இந்த வகைதான்) மூன்றையும் சாய்த்துவிடும். ஒரே சாவியால் பூட்டித் திறக்கும் ஏஇஎஸ், தரவைச் சிறு முத்திரையாகச் சுருக்கும் ஷா-256 வகைகளுக்கு அந்தக் கதி இல்லை. 1996-இல் வந்த குரோவர் வழிமுறை தேடலைக் கொஞ்சம் வேகப்படுத்தும், அவ்வளவுதான். ஏஇஎஸ்-256 போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அந்தப் பெரிய கணினி இன்றைக்கு எங்கும் கிடையாது. ஆனாலும் அதற்கான மதிப்பீடு இறங்கிக்கொண்டே வருகிறது. 2048 பிட் ஆர்எஸ்ஏவை உடைக்க 2 கோடி க்யூபிட்டும் (குவாண்டம் கணினியின் பிட்) 8 மணி நேரமும் வேண்டும் என்று 2019-இல் கிட்னி, எக்கெரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். அதே கிட்னி 2025-இல், 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட் போதும், ஒரு வாரத்துக்குள் முடியும் என்று எழுதிவிட்டார். நிஸ்ட்டின் வரைவுத் திட்டமோ இந்தப் பழைய முறைகளை 2035-க்குப் பிறகு பயன்படுத்தவே கூடாது என்கிறது.

இல்லாத இயந்திரத்துக்கு இப்போதே ஏன் பயப்பட வேண்டும் என்றால், இன்றைய போக்குவரத்தை ஒருவன் அப்படியே பதிவு செய்து வைத்துக்கொண்டு, கணினி வந்த பிறகு சாவகாசமாகத் திறக்க முடியும். மோஸ்கா என்ற குவாண்டம் ஆய்வாளர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: தரவு எத்தனை வருடம் ரகசியமாக இருக்க வேண்டும், புதிய முறைக்கு மாற எத்தனை வருடம் ஆகும், இரண்டையும் கூட்டினால் குவாண்டம் கணினி வருவதற்கான காலத்தைத் தாண்டுகிறதா? தாண்டினால் ஏற்கெனவே தாமதம்தான்.

இந்தக் கணக்கை உங்கள் திட்டத்துக்கே போட்டுப் பாருங்கள், கைடு சொன்னார் என்பதற்காகச் செய்ய வேண்டாம். எந்த ஐபியிலிருந்து எந்த போர்ட்டுக்கு எத்தனை பைட் போனது என்கிற லாக் 12 வருடம் கழித்து யாருக்கு வேண்டும்? பெரும்பாலும் யாருக்கும் வேண்டாம். அந்த நகைக்கடையின் ரவுட்டரே அதற்குள் இரண்டு தடவை மாறியிருக்கும். ஆனால் மருத்துவமனையும் விடுதிகளும் ஃபிஷிங் மெயிலைப் பிடிக்க மெயில் வாசகத்தையே வைத்துப் பயிற்சி கொடுத்தால் கதை வேறு. வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பதால் கானாடுகாத்தான் விடுதிகளின் மெயில் பெட்டியில் பாஸ்போர்ட் விவரம் புழங்கிக்கொண்டே இருக்கும். நோயாளியின் விவரத்துக்கும் காலாவதி கிடையாது. ஆக எண்களை மட்டும் வைத்துப் பயிற்சி என்றால் குவாண்டம் ஆபத்து மிதமானது, வாசகம் உள்ளே வந்தால் அவசரமானது. ரிப்போர்ட்டில் இந்த வேறுபாட்டை எழுதினாலே மற்ற ரிப்போர்ட்டுகளைவிட ஒரு படி மேலே நிற்கும்.

"லாக்தான் வெளியே போகவில்லையே, எடை மாற்றம் மட்டும்தானே போகிறது" என்று யாராவது சொல்வார்கள். 2019-இல் ஜூ, லியு, ஹான் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கிரேடியன்ட்டை (எடைகளை எந்தப் பக்கம் எவ்வளவு மாற்றுவது என்கிற எண்களை) மட்டும் வைத்துக்கொண்டு பயிற்சிப் படத்தையும் வாசகத்தையும் திரும்ப வரவழைத்துக் காட்டினார்கள். அடுத்த வருடமே இன்னொரு குழு, ஒரே ஒரு பதிவை வைத்துப் பயிற்சி எடுத்தால் கடைசி அடுக்கின் கிரேடியன்ட் கூட்டலா கழித்தலா என்கிற குறியைப் பார்த்தே அது எந்த வகைப் பதிவு என்று சொல்லிவிடலாம் என்றது. ஒரே தடவையில் நிறையப் பதிவுகள் (பெரிய பேட்ச்), பல சுற்று உள்பயிற்சி என்று வைத்தால் இது கடினமாகும், ஆனால் ஒழியாது. உங்கள் விஷயத்தில் "வகை" என்பது என்ன? தாக்குதலின் பெயர். ஒரு விடுதியில் இந்த வாரம் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கிறார்கள் என்பது வெளியே தெரிந்தால் அதுவே அடுத்த திருடனுக்குத் துப்பு.

சரி, சாவி எங்கெல்லாம் உருவாகிறது? முதல் இடம் கம்பி, அதாவது அந்த இடத்துக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்பைப் பூட்டும் டிஎல்எஸ். டிஎல்எஸ்ஸுக்கான மென்பொருள் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5 (2025 ஏப்ரல்) எம்எல்-கெம்மை உள்ளேயே வைத்திருக்கிறது, எக்ஸ்25519 உடன் சேர்ந்த ஹைப்ரிட் பரிமாற்றம் இயல்பாகவே முன்னால் நிற்கிறது. சர்வரில் அதை ஏற்றிவிட்டு "முடிந்தது" என்று நினைக்காதீர்கள். நீங்கள் பயன்படுத்தப் போவது ஃப்ளவர் என்ற ஃபெடரேட்டட் லேர்னிங் மென்பொருள் என்றால் அது ஜிஆர்பிசி என்ற தொடர்பு நூலகம் வழியாகப் பேசும். பைத்தானில் பிப் மூலம் இறங்குகிற ஜிஆர்பிசி தன்னுடன் போரிங்எஸ்எஸ்எல் என்ற வேறொரு நூலகத்தைக் கட்டிக்கொண்டே வரும், உங்கள் கணினியில் என்ன ஓப்பன்எஸ்எஸ்எல் இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் இரண்டு பக்கமும் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5 உடன் கட்டிய ஒரு பிராக்ஸியை (இடையில் நின்று வாங்கி அனுப்பும் நிரலை) முன்னால் நிறுத்தி, அதன் வழியாக அனுப்புவது சுலபம். பிறகு வயர்ஷார்க் என்ற பாக்கெட் பார்க்கும் கருவியில் டிஎல்எஸ் கைகுலுக்கலை (இணைப்பின் முதல் பேச்சை) திறந்து, எந்தச் சாவிப் பரிமாற்றக் குழு தேர்வானது என்று கண்ணால் பாருங்கள். கான்ஃபிக் கோப்பில் எழுதியிருக்கிறது என்பதெல்லாம் சாட்சி ஆகாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். எக்ஸ்25519-இன் பொதுச்சாவி 32 பைட். எம்எல்-கெம்-768 உடையது 1184 பைட். இரண்டும் சேர்ந்தால் 1216, அதோடு டிஎல்எஸ்ஸின் முதல் செய்தியில் இருக்கிற மற்ற விஷயங்களும் சேரும்போது 1500 பைட் பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாக உடையும். தரப்படி அதில் தவறே இல்லை. ஆனால் முதல் செய்தி ஒரே பாக்கெட்டில் வரும் என்று நம்பி எழுதிய பழைய ஃபயர்வால் பெட்டிகள் இருக்கின்றன. தேவகோட்டைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் இதைப் பார்த்திருக்கிறேன்: பிங் போகிறது, பழைய பிரவுசர் போகிறது, புதிய இணைப்பு மட்டும் பதில் வராமல் தொங்குகிறது. பிடித்துப் பார்த்தால் இரண்டாம் துண்டு பெட்டிக்குள் போகிறது, வெளியே வரவே இல்லை. அங்கே இருந்தவர் மூன்று நாள் கேபிள்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார், பாவம் அந்த மனிதர். ஆறு இடத்திலும் இதை முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

இரண்டாவது இடம்தான் பலரும் மறப்பது. செக்யூர் அக்ரிகேஷன் போடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், 2017-இல் பொனாவிட்ஸ் குழு கொடுத்த முறை. தனித்தனி அப்டேட் சர்வருக்கே தெரியாமல் மொத்தம் மட்டும் தெரிய வைப்பது அது. அதில் ஒவ்வொரு ஜோடியும் முகமூடியாக ஒரு ரகசிய எண்ணைப் பகிர்ந்துகொள்ளும், ஒருவர் கூட்டுவார், மற்றவர் கழிப்பார், மொத்தத்தில் எல்லாம் அடிபட்டுப்போகும். மூன்று இடத்தை வைத்துப் பார்ப்போம். உண்மையான மதிப்பு காரைக்குடி 7, தேவகோட்டை 4, கானாடுகாத்தான் 9. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் ரகசியம் 50, காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் 30, தேவகோட்டைக்கும் கானாடுகாத்தானுக்கும் 12. காரைக்குடி அனுப்புவது 7+50+30 = 87. தேவகோட்டை 4−50+12 = −34. கானாடுகாத்தான் 9−30−12 = −33. மூன்றையும் கூட்டினால் 20, சரியான மொத்தம். 87-ஐப் பார்த்து 7 என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த 50-ம் 30-ம் எப்படி வந்தன? டிஃபி-ஹெல்மன் வழியாக. பொதுச்சாவிகள் சர்வர் வழியாகத்தான் போகின்றன, சர்வரின் பதிவேட்டிலும் பேக்கப்பிலும் 87-ம் உட்கார்ந்திருக்கிறது. பத்து வருடம் கழித்து அந்த பேக்கப் ஒருவன் கையில் கிடைத்து, குவாண்டம் கணினியும் கிடைத்தால், பொதுச்சாவியிலிருந்து ரகசியச் சாவி, அதிலிருந்து 50-ம் 30-ம், 87-இல் 80 போனால் 7. நீங்கள் டிஎல்எஸ்ஸில் போட்ட எம்எல்-கெம் இதற்கு ஒன்றுமே செய்யாது, ஏனென்றால் டிஎல்எஸ் சர்வரோடு முடிந்துவிடுகிறது. நம்ம ஊர் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் இல்லையா, முகப்புக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்கட்டுக் கதவை மறந்த மாதிரிதான் இது.

சரி, அந்த டிஃபி-ஹெல்மனை எடுத்துவிட்டு எம்எல்-கெம்மைச் செருகிவிடலாமா? நேரடியாக முடியாது. டிஃபி-ஹெல்மனில் ஆளுக்கொரு பொதுச்சாவியை வெளியிட்டால் போதும், எந்த ஜோடியும் தனக்குள் பேசாமலே ஒரே ரகசியத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். கெம் வகையில் அந்த வசதி இல்லை. ஜோடியில் ஒருவர் மற்றவரின் பொதுச்சாவியை வைத்து ரகசியத்தை உறையிலிட்டு அனுப்ப வேண்டும். அதனால் நெறிமுறையில் ஒரு செய்தி கூடும், யார் அனுப்புவது என்ற விதியும் வேண்டும், அடையாள எண் சிறியவர் அனுப்பட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். உறை ஒன்றுக்கு 1088 பைட். ஆறு பேருக்கு 15 ஜோடி, மொத்தமே 16 கிலோபைட் (கேபி)தான். 40 பேர் ஆனாலும் 780 ஜோடி, 850 கேபிக்குள் அடங்கும். எம்எல்-டிஎஸ்ஏ-65 கையொப்பம் 3309 பைட் என்று சிலர் மலைப்பார்கள். 2 லட்சம் எடைகள் உள்ள சின்ன மாடலின் அப்டேட்டே 800 கேபி, அதில் இது அரை சதவீதம்கூட வராது. பொதுச்சாவிகள் ஒவ்வொன்றையும் கையொப்பமிட்டே அனுப்புங்கள், இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் சர்வர் தன் சாவியை நுழைத்துவிடலாம். நடுவில் இணைப்பு விட்டுப்போனவர்களைச் சமாளிக்க வருகிற ஷமீர் பங்கீடு (1979, ஒரு ரகசியத்தைப் பங்குகளாகப் பிரித்துப் பலரிடம் வைப்பது) எந்தக் கணக்குச் சிக்கலையும் நம்பி நிற்பதில்லை, அதைத் தொட வேண்டாம். ஆனால் அந்தப் பங்குகளைப் பூட்டி அனுப்பும் சாவியும் டிஃபி-ஹெல்மனிலிருந்து வருகிறது, அதையும் மாற்ற வேண்டும்.

இப்போது கைடுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஆறு இடமும் பஸ் ஏறினால் ஒரு நாளில் சுற்றி வந்துவிடக்கூடிய தூரம். 15 ஜோடிக்கும் தலா 32 பைட் ரகசியத்தை முறையாக உருவாக்கி, யுஎஸ்பியில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் ஷோருக்கு அங்கே உடைக்க ஒன்றுமே இல்லை. எம்எல்-கெம்முக்கு அடியில் இருக்கும் லாட்டிஸ் கணிதமும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் அந்த ரகசியத்தை ஷா-256-இல் ஓட்டிப் புதியதை வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிட வேண்டும், அப்போதுதான் நாளைக்குக் கணினி திருடுபோனாலும் நேற்றையது திறக்காது. ஒரே நிபந்தனை, பதினைந்தையும் உருவாக்கிய மடிக்கணினியில் பிரதி தங்கக் கூடாது. வயர்கார்டு விபிஎன்னிலும் இதே நோக்கத்துக்கு முன்பகிர்வுச் சாவி என்று ஒரு வசதி உண்டு, கம்பிப் பக்கத்தையும் அதைக்கொண்டே முடித்துவிடலாம். 40 இடம், 780 ஜோடி என்று வளர்ந்தால் பஸ் கட்டுப்படியாகாது, அப்போது எம்எல்-கெம்முக்குப் போங்கள். ப்ராஜெக்ட்டில் இரண்டையும் செய்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது.

ஹைப்ரிட் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். புதிய முறைகளைத் தேர்ந்தெடுக்க நிஸ்ட் நடத்திய போட்டியில் கடைசிச் சுற்றுகள் வரை வந்த சைக் என்ற முறையை 2022-இல் காஸ்ட்ரிக்கும் டெக்ருவும் ஒரே ஒரு பிராசஸர் கோரில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். அதே வருடம் ரெயின்போ என்ற கையொப்ப முறை ஒரு லேப்டாப்பில், ஒரு வார இறுதியில் போயிற்று. குவாண்டம் கணினியே தேவைப்படவில்லை. எம்எல்-கெம்மை இன்னும் நிறையப் பேர் அலசியிருக்கிறார்கள்தான், இருந்தாலும் 32 பைட் கூடுதல் செலவில் பழையதையும் துணைக்கு வைத்துக்கொள்வதில் நஷ்டம் என்ன? இதற்கான நிரலை நீங்களே எழுத மட்டும் முயல வேண்டாம். 2023 கடைசியில், எம்எல்-கெம்மின் முன்வடிவமான கைபரின் சில நிரல்களில் கைபர்ஸ்லாஷ் என்று ஒரு ஓட்டை வெளிவந்தது, ஒரு சாதாரண வகுத்தல் எடுக்கும் நேரத்தின் வேறுபாட்டிலிருந்து ரகசியம் கசிந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் ஆறு இடத்துக்கு நானாக இருந்தால் செக்யூர் அக்ரிகேஷனே போட மாட்டேன். காரணம் குவாண்டம் அல்ல. உங்கள் மாடல் திருடனைப் பிடிக்கிற மாடல். ஓடு அனுப்புகிறவரின் கணினிக்குள் ஏற்கெனவே புகுந்தவன் அங்கிருந்தே விஷம் கலந்த அப்டேட்டை அனுப்பி, தன் போக்குவரத்தை "சாதாரணம்" என்று மாடலுக்குப் பழக்கிவிட்டால் ஆறு பேருமே குருடாகிவிடுவார்கள். எம்எல்-டிஎஸ்ஏ கையொப்பம் அந்த அப்டேட்டின் மேலும் செல்லுபடியாகத்தான் இருக்கும். இதைப் பிடிக்க மீடியன் (நடு மதிப்பு), ஓரம் வெட்டிய சராசரி (மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் விட்டுவிட்டு எடுப்பது), க்ரம் (மற்றவற்றோடு நெருங்கி நிற்கும் அப்டேட்டைத் தேர்ந்தெடுப்பது) என்று வழிகள் உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒவ்வொருவரின் அப்டேட்டையும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும். முகமூடி போட்டால் 87, −34, −33 என்று வரும், எதை வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பீர்கள்? முகமூடிக்குள் இருப்பது வரம்புக்குள்தான் இருக்கிறது என்று, எண்ணைக் காட்டாமலே நிரூபிக்க ஜீரோ-நாலெட்ஜ் வழிகள் வந்திருக்கின்றன, ஆனால் ஒரு மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

ஆகவே: ஒவ்வொரு இடமும் தன் அப்டேட்டின் அளவை ஒரு வரம்புக்குள் வெட்டி, கொஞ்சம் இரைச்சல் சேர்த்து அனுப்பட்டும், கல்லூரி சர்வர் தனித்தனியாகப் பார்த்து ஓரம் வெட்டிக் கூட்டட்டும், கம்பிக்கு ஹைப்ரிட் டிஎல்எஸ் அல்லது முன்பகிர்வுச் சாவியோடு வயர்கார்டு. குவாண்டம் பிரச்சினை அப்போது கம்பியோடு நின்றுவிடுகிறது. மருத்துவமனை "கல்லூரிகூடப் பார்க்கக் கூடாது" என்று அடம்பிடித்தால்தான் முகமூடி. அப்போதும் ஆறில் ஐந்து பேர் கூட்டுச் சேர்ந்தால் ஆறாமவரின் எண் தெரிந்துவிடும் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓரம் வெட்டும்போது ஒரு கவனம். விடுதிகளில் டிசம்பர், ஜனவரியில் கூட்டம் நெரியும், ஓடு அனுப்புகிறவருக்கு ராத்திரியில் வெளிநாட்டு வாடிக்கையாளர் மெயில் வரும், மருத்துவமனை தூங்குவதே இல்லை. வித்தியாசமாக இருக்கிறார் என்பதற்காகவே நல்லவரை அல்காரிதம் வெட்டிவிடும். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் லாகைப் பயிற்சிக்கு விடாமல் எடுத்துவைத்து, புதிய மாடல் வந்ததும் அதில் ஓட்டிப் பாருங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாகை வைத்திருக்க வேண்டியிருக்கிறது, சரக்குக்குப் பஞ்சமில்லை.

ஹோமோமார்ஃபிக் குறியாக்கம், அதாவது பூட்டைத் திறக்காமலே உள்ளே கணக்குப் போட விடுகிற முறை பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பையே வகை எண்களைக் காரணிப்படுத்தும் கடினத்தை நம்பியிருக்கிறது, ஷோரிடம் நிற்காது. சிகேகேஎஸ் என்ற இன்னொரு வகை லாட்டிஸ் வழி வந்தது, அந்த வகையில் பாதுகாப்பானது, ஆனால் அளவு பல மடங்கு பெருகும், திறக்கும் சாவியை யார் கையில் கொடுப்பது என்ற தகராறும் வரும். க்யூகேடி, அதாவது ஃபோட்டான் வழியாகச் சாவி அனுப்புவது, அது முற்றிலும் வேறு சங்கதி. தனி ஃபைபரும் கருவியும் வேண்டும். தேசிய குவாண்டம் மிஷனில் (2023, சுமார் 6,000 கோடி ரூபாய்) அதற்கும் இடம் உண்டு, காரைக்குடி நகைக்கடைக்கு இப்போதைக்கு இல்லை.

ரிப்போர்ட்டுக்கு மூன்று ஓட்டம் போதும். ஹைப்ரிட் இல்லாமல், ஹைப்ரிடோடு, அப்புறம் ஹைப்ரிட் இருக்கும்போதே ஒரு இடத்தில் வேண்டுமென்றே விஷம் கலந்து. முதல் இரண்டுக்கும் இடையில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் வரும், எம்எல்-கெம் அவ்வளவு வேகம். மூன்றாவதில் சாதாரண சராசரிக்கும் ஓரம் வெட்டிய சராசரிக்கும் எத்தனை தாக்குதல் தப்பிப் போகிறது என்று அட்டவணை போடுங்கள். வைவாவில் கேள்வி அந்த அட்டவணையில்தான் வரும்.